மேலே அம்மா, கீழே அப்பா

போன செவ்வாய்க்கிழமை என் மகன் டியூசன் முடிந்து வாசலில் நின்றிருக்கிறான். அவனை அழைத்து வரும் முறை அன்று என்னுடையது என்று என் கணவர் நினைத்திருந்தார். அவருடையது என்று நான் நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் ஏர்கோனைப் பழுது பார்க்க ஆள் கூப்பிடுவது யார் என்ற விவகாரத்தில் நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். நான் தலைதெறிக்க ஓடியபோது, அவன் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் முன்பின் தெரியாத நாலு பேரோடு உட்கார்ந்து டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏம்மா அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்று கேட்டான்.

அவனுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் இன்னும் பயம் தெளியவில்லை. அவன் குளியலறையில் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்தாலும் போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன். இதே பயத்தை நான் முன்பு ஒரு முறை பார்த்திருக்கிறேன். அது அம்மாவிடம். அதற்குக் காரணமானவள் நான்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. பினாங்குத் தீவில், டத்தோ கெராமட் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு கப்பல் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. அம்மா வீட்டிலேயே துணி தைத்தாள். அப்பாவுக்குத் திடீரென்று சொந்த வீட்டு ஆசை வந்து, கெப்பாலா பத்தாஸில் ஒரு தரை வீட்டைப் பார்த்து வைத்துவிட்டார். கடலைத் தாண்டிப் போய் வாழ்வதென்பது அம்மாவுக்கு நாடு கடத்தப்படுவதற்குச் சமம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சுத்தான் நின்றதே தவிர, சொல்ல வேண்டியது எதுவும் நிற்கவில்லை. அது முழுவதும் என் வழியாகப் போனது.

"பாப்பா, சட்டை தானா போயி இஸ்திரி போட்டுக்காதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. அப்பா அதே கூடத்தில், நாலடி தூரத்தில், பத்திரிகையோடு உட்கார்ந்திருப்பார். ஆனாலும் நான் நடந்து போய்ச் சொல்லும்வரை அது அவர் காதில் விழுந்ததாகக் கணக்கில்லை. நான் சொன்ன பிறகுதான் பத்திரிகையைத் தாழ்த்தி, "அப்பிடியா? நேத்து போட்ட சட்டையே போதும்னு சொல்லு" என்பார். நான் திரும்பி நடப்பேன். அம்மாவும் அதுவரை எதுவும் கேட்காதவளாகக் காத்திருப்பாள்.

எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் அதற்கு முன் யாரும் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. நான் வாயைத் திறந்தால் இரண்டு பெரியவர்கள் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். நாளடைவில் கொஞ்சம் தொழில் நுணுக்கமும் வந்தது. எந்தச் சொல்லைக் கொண்டு சேர்க்கலாம், எதை வழியிலேயே விட்டுவிடலாம் என்று தெரிந்தது. "உங்கப்பா குடும்பத்துல எல்லாருக்குமே" என்று தொடங்கும் செய்திகளை நான் கொண்டு போனதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்து, மூவரும் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். வீடு பிடிக்கவில்லை என்பதை நேரில் சொல்லத்தான் அம்மா வந்தாள். அதாவது, என்னிடம் நேரில் சொல்ல. காரில் அவள் முன்னால் ஏறவில்லை. டாக்சியில் வந்தவள்போலப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். பினாங்குப் பாலம் திறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஆனால் அவ்வளவு நீளமான ஒன்று கடலில் தொடர்ந்து நிற்கும் என்று அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் நாலு வருசம் மற்றவர்கள் போய்ப் பார்க்கட்டும் என்று அவர் ஃபெர்ரியிலேயே போய்வந்தார்.

திரும்பும்போது பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறியதும், பெட்ரோல் வாடையில் தலை சுற்றுகிறது என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மா மேல்தட்டுக்குப் போய்க் காற்றில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா கீழ்த்தட்டில் காருக்குள்ளேயே இருந்தார். பாலத்தைப் போலவே ஹேண்ட்பிரேக்கையும் அவர் நம்புவதில்லை. கரை சேரும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார். ஆகவே நான் இரும்புப் படிகளில் ஏறி இறங்கத் தொடங்கினேன்.

"அந்த ஊர்ல மீன் எங்க வாங்குறதாம்னு கேளு."

இறங்கினேன்.

"அங்கயும் பாசார் இருக்குன்னு சொல்லு. அம்மா மூக்குக்கு ஏத்த மாதிரி நாத்தமும் இருக்குன்னு சொல்லு."

ஏறினேன். "பாசார் இருக்காம்" என்றேன்.

"மூணு ரூமு எதுக்காம்? இருக்கறது மூணு பேரு. யாரக் கூட்டிக் குடி வைக்கப் போறாராம்?"

இறங்கினேன். அப்பா கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தார். பிறகு, "ஒண்ணு அம்மாவோட தையல் மெசினுக்குன்னு சொல்லு" என்றார்.

ஏறிப் போய்ச் சொன்னேன். அம்மாவும் கடலைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

"அதப் போயி சொல்லவா?"

"வேணாம்."

அதற்குள் தீவு நெருங்கிவிட்டது. அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "நான் பாசாருக்குப் போயிட்டு பஸ்ல வர்றேன். நீ கீழ போயி அப்பாவோட கெரேத்தாவுல போ."

"நானும் பாசாருக்கு வர்றேனே."

"பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாட்டி அவரு ஓட்டிக்கிட்டே தூங்கிருவாரு. கீழ போ லா!"

படியிறங்கி அப்பாவிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அம்மா பஸ்லதான போறேன்னு சொல்லியிருப்பா? அவளுக்குத் தலை சுத்தும், தனியா போகக்கூடாது. நீ கூடப் போ" என்றார்.

"அப்பா, அம்மா வந்து..."

"அப்புறம் சொல்லிக்கலாம். ஓடு, கரை வந்துருச்சி!"

பாதிப் படி ஏறினேன். மேலே கூட்டத்தோடு நின்ற அம்மா என்னைப் பார்த்து, கீழே போ, கீழே போ என்று கையை ஆட்டினாள். திரும்பி ஒரு படி இறங்கினேன். அம்மா நிம்மதியாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழேயிருந்து அப்பா, மேலே போ, மேலே போ என்று கையை ஆட்டினார். ஒரு படி ஏறினேன். அப்பாவும் நிம்மதியாகக் காரைக் கிளப்பினார். இரண்டு உத்தரவும் செல்லுபடியாகும் உத்தரவுகள். இரண்டையும் நிறைவேற்ற இரண்டு பாப்பா வேண்டும். நான் நடுப்படியில், யார் பக்கமும் சாயாமல் உட்கார்ந்து யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் ஃபெர்ரி முட்டி நின்று, சங்கிலிகள் கலகலத்து, கார்கள் கீழே ஒரு வழியாகவும் மனிதர்கள் மேலே ஒரு வழியாகவும் போய்விட்டார்கள்.

கீழே போய்ப் பார்த்தேன். அப்பாவின் கார் நின்ற இடத்தில் கோபிஸ் ஏற்றிய ஒரு காய்கறி லாரி வந்து நின்றது. மேலே போய்ப் பார்த்தேன். அம்மாவின் பெஞ்சில் ஒரு சீனத் தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தார். ஃபெர்ரி மறுபடியும் பட்டர்வொர்த்துக்குக் கிளம்பியது. இருவரும் என்னை மற்றவரிடம் அனுப்பியதை நினைத்தபோது, இருவருக்குமே நான் வேண்டாம் போலிருக்கிறது என்று தோன்றி அழுகை வந்தது. ஆனால் வேலை நேரத்தில் அழக்கூடாது என்று மறுபடியும் நடுப்படிக்கே வந்து உட்கார்ந்தேன். எங்கிருந்து தேடினாலும் அது பாதி வழி.

ஃபெர்ரியில் வேலை செய்யும் மலாய்க்காரர் ஒருவர், மாமா வயதுக்காரர், என்னைக் கண்டு அம்மா அப்பா எங்கே என்று கேட்டார். பள்ளிக்கூட மலாயில், "அம்மா மேலே, அப்பா கீழே" என்றேன். அது எங்கள் வழக்கமான நிலைமைதான். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். ஃபெர்ரி அக்கரைக்குப் போய் இக்கரைக்கு வந்து, திரும்பவும் புறப்பட்டது. படகை விட்டு இறங்காதவரை டிக்கெட் கேட்பவர் யாரும் இல்லை. அடுத்த முறை அவர் வந்தபோதும் நான் அதே பதிலைச் சொன்னேன். அப்போது மேலே யாருமில்லை, கீழே இரண்டு மோட்டார் சைக்கிள்கள்தான் இருந்தன. அவர் முகம் மாறியது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த பீசாங் கோரேங்கில் பெரிய துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். இன்றுவரை அதுபோல ஒரு வாழைப்பழப் பொரியலை நான் தின்றதில்லை. கரையிலிருந்த அலுவலகத்துக்கும் அவர்தான் தகவல் சொன்னார்.

இந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை அடுத்த வீட்டு அக்கா பிற்பாடு பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். அப்பா முதலில் வந்தார். நான் அம்மாவோடு பாசாரில் இருப்பதாக எண்ணி, கைலி மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அம்மா மீனோடு வந்தாள். அவளோடு நான் இல்லாததை அப்பா பார்த்தார். பெரியம்மா வீட்டில் விட்டிருப்பாள் என்று முடிவு செய்தார். அப்பாவோடு நான் இல்லாததை அம்மாவும் பார்த்தாள். பக்கத்து வீட்டில் விளையாடுகிறேன் என்று முடிவு செய்தாள். இருவருக்கும் ஒரு வார்த்தை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள ஆசைதான். ஆனால் கேட்டுவர ஆள் வேண்டுமே. அந்த ஆள் நான்தான்.

அம்மா தேத்தண்ணி கலக்கினாள். சமையலறையிலிருந்து, "பாப்பா, தேத்தண்ணி ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு!" என்றாள்.

அதே நேரத்தில் கூடத்திலிருந்து அப்பா, "பாப்பா, என் கண்ணாடி எங்கன்னு அம்மாகிட்ட கேளு!" என்றார்.

பதில் இல்லை. இருவரும் மறுபடியும் கூப்பிட்டார்கள். பிறகு இருவரும் வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். அதற்குப் பின் அம்மா போட்ட சத்தத்தில் அந்தச் சந்தே வெளியே வந்துவிட்டதென்று அக்கா சொல்வார்.

அப்பா கைலியோடு காரை ஓட்டினார். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். கரையிலிருந்த அதிகாரி, பிள்ளை பத்திரமாக இருக்கிறது, இதோ இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறது, பேசாமல் நில்லுங்கள் என்றாராம். பேசாமல் நின்ற நாட்களெல்லாம் அன்றோடு முடிந்துவிட்டன. இருவரும் ஓடிப்போய், கிளம்பத் தயாராக இருந்த வேறொரு ஃபெர்ரியில் ஏறிவிட்டார்கள்.

ஆகவே நாங்கள் நடுக்கடலில் சந்தித்தோம். நான் தீவை நோக்கி வந்துகொண்டிருந்தேன். எதிரே போகும் ஃபெர்ரியின் கம்பியில், மேல்தட்டில், அம்மாவும் அப்பாவும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கையை ஆட்டினேன். அம்மாவின் குரல் கடலுக்கெல்லாம் அடங்குகிற குரல் அல்ல. "எறங்கி நில்லு பாப்பா! கரையில எறங்கி நில்லு!" என்று கத்தினாள். அப்பா, "எறங்காத! அங்கயே ஒக்காரு!" என்று கத்தினார்.

பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். இரண்டையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக் கரையில் இறக்கி, அதிகாரியின் நாற்காலியில் உட்கார வைத்து, இனி மேலே கீழே எங்கேயும் போகக்கூடாது என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஃபெர்ரியில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அம்மா அப்பாவின் சட்டையின் பின்புறத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். வந்ததும் என் கையைப் பிடித்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"கெரேத்தாவுல கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன்ல?"

"எப்ப சொன்ன? எங்கிட்ட நீ பேசுனியா?"

"பாப்பாகிட்ட சொல்லிவிட்டேன்!"

"நானும் பாப்பாகிட்டதான் சொல்லிவிட்டேன்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "ரெண்டும் சரிதான்" என்றேன்.

வீடு போய்ச் சேரும்வரை அவர்கள் சண்டை போட்டார்கள். கெப்பாலா பத்தாஸ், ஹேண்ட்பிரேக், பெரியம்மா, தையல் மெசின் எல்லாம் வந்தன. எல்லாம் நேரடியாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து. பின்சீட்டில் நான் தனியாக உட்கார்ந்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள் என்று முன்னால் நகர்ந்து காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

சாப்பாட்டு மேசையில் அம்மா, "ரசம் ஊத்தட்டுமா?" என்று அப்பாவையே கேட்டாள். பழக்க தோசத்தில் நான், "அப்பா, அம்மா ரசம்..." என்று தொடங்கினேன்.

"நீ சாப்புடு பாப்பா" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அப்போதுதான் எனக்கு அழுகை வெடித்தது. படகில் அடக்கிவைத்திருந்ததும் சேர்ந்து வந்தது. பிள்ளை பயந்துபோய்விட்டது என்று அம்மா புக்கிட் மெர்தாஜாம் கோவிலுக்கு என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டாள். அப்பா என்னை மடியில் தூக்கி வைத்து, மீனில் முள் எடுத்து ஊட்டினார். என் வேலை போய்விட்டது என்று அவர்களிடம் நான் எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகும் அவர்கள் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. ஆனால் ஒரு முறைகூட என்னைக் கூப்பிடவில்லை. சொல்ல வேண்டியதைக் கூடத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். "அரிசி தீந்து போச்சு" என்று அம்மா சுவரிடம் சொல்வாள். "நாளைக்கு வாங்கலாம்" என்று அப்பா அதே சுவரிடம் சொல்வார். நான் இருவருக்கும் நடுவில், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மழைக்குச் சுண்ணாம்பு உதிர்ந்து, நாலடிகூட நகரத் தெரியாத அந்தச் சுவரிடம், என்னிடம் இல்லாத எதைக் கண்டார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.