பன்னிரண்டில் அடங்காத அண்ணாவின் பாட்டு

அண்ணா இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கச்சியாகிய நான் அவரது கடைசிப் பாட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவருடைய நற்குணங்கள் உங்களுக்குத் தெரிந்தவை. பிடிவாதமும் தெரிந்ததுதான்.

கொக்குவிலில் பிறந்து, அகதியாக ரொறன்ரோ வந்து, டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் எங்கள் எல்லோரையும் தாங்கியவர் அண்ணா. உணவகத்தில் கோப்பை கழுவிய நாட்களில், அங்கே சமையல்காரர் போடும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஆரம்பகாலக் கிராமிய புளூஸ் பாட்டுக் கசெற்றுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. பழைய கிற்றார் ஒன்று வாங்கினார். நானும் விட்டுவைக்காமல் வாசிக்கப் பழகினேன்.

சண்டையும் அங்கேதான் தொடங்கியது. புளூஸில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ஆவர்த்தனம் என்பது கணக்கு. ஓர் அடியை இருமுறை பாடி, மூன்றாம் அடியில் பதில் சொல்வார்கள். ஐந்தாம் ஆவர்த்தனத்திலும் ஒன்பதாவதிலும் விரல்கள் வேறு கோர்ட்டுக்கு, அதாவது வேறு சுரக்கூட்டுக்கு, மாற வேண்டும். ஆனால் தனியாக இருந்து பாடிய அந்தப் பழைய பாடகர்கள் வாய் ஓய்ந்தபோதுதான் கோர்ட்டை மாற்றினார்கள். ஒரு சுற்று பதினொன்றரையில் முடியும், அடுத்தது பதினான்குக்குப் போகும். சிலர் முதல் கோர்ட்டை விட்டு நகரவே மாட்டார்கள். சங்கீத வகுப்பில் தொடையில் தாளம் போட்டு வளர்ந்த எனக்கு இது பொறுக்காது. நான் நேரத்துக்கு மாற்ற, அவருடைய சொல் பாதியில் வெட்டுப்படும்.

"நீ எண்ணுறாய். நான் இன்னும் பாடி முடிக்கேல்லை" என்பார். இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

பிறகு ரூஜ் பகுதியில் வீடு வாங்கினார், மகளை வளர்த்தார். சுவாசப்பை நோயும் வந்தது. ஒட்சிசன் குழாயோடுதான் நடமாட்டம். விரல்களிலும் பலம் போய்விட்டது. மகளின் கலியாண வரவேற்பில் தானே கட்டிய பாட்டை ஒருமுறை பாடிவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அண்ணி வேண்டாம் என்று அழுதார். கிற்றாருக்கு என்னைத்தான் கேட்டார்.

மார்க்கம் நகர மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. அண்ணா கதிரையில் இருந்து தொடங்கினார்.

"பிள்ளை வெளிக்கிடுது, கார் வாசலிலை நிக்குது."

இரண்டாம் முறை பாடும்போதே குரல் இழுத்தது. பதில் அடி வர வேண்டிய இடத்தில் மூச்சு வரவில்லை. ஒன்பதாம் ஆவர்த்தனம் வந்துவிட்டது. நான் மாற்றினால் பாட்டு அவரை விட்டுவிட்டுப் போய்விடும், அத்தனை பேருக்கு முன்னால் அவர் தோற்றுப் போவார். ஏழாவதில் திரும்பி வந்திருந்த முதல் கோர்ட்டிலேயே நின்றேன். பின்னால் டிரம்ஸ் வாசித்த பொடியன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டான். முன்வரிசையில் பெரியப்பா, தாளம் தப்பிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்வது எனக்கே கேட்டது. பாட்டு முடிந்ததென்று இரக்கப்பட்டுச் சிலர் கைதட்டத் தொடங்கினார்கள். அண்ணி எழும்பிவிட்டார். மணவறைச் சேலையோடு மகள் கையை உயர்த்தி எல்லோரையும் மறித்தாள்.

அண்ணா என்னைப் பார்த்தார். நான் அதே கோர்ட்டை மீட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு, மெல்லப் பாடினார்:

"திறப்பைக் கொண்டு போ பிள்ளை, பூட்டை நான் மாத்தேல்லை."

மகள் ஓடிவந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்தாள். அதற்குப் பிறகுதான் நான் கோர்ட்டை மாற்றினேன்.

சில வாரங்களில் அண்ணா ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. அவரைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சோறு கறி கொண்டுவந்து அண்ணியைச் சாப்பிட வைத்த அயலவருக்கும், குச்சிகளை மடியில் வைத்த அந்தப் பிள்ளைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியப்பாவுக்கும்தான், அவர் கோபிக்கக்கூடாது.

கடைசி நாளன்று ஒட்சிசன் முகமூடியை விலக்கி அண்ணா என்னிடம் கேட்டார்: "அண்டைக்கு எத்தினை ஆவர்த்தனம் வந்தது?"

"எண்ணேல்லை அண்ணா."

நம்பாதவர் போல என்னைப் பார்த்தார், பிறகு சிரித்தார். அன்று பின்னேரம் வரை என் கையை விடவில்லை.