சனிக்கிழமை திரும்பி வருகிறவள்

பீர்மேட்டில் எஸ்டேட் ரோடு முடிகிற இடத்தில் அந்தத் தம்பதி இருந்தார்கள். பாலக்காட்டுக்காரர்கள். சார் வாயைத் திறந்தால் உபநிஷதம்தான். மாமி என்னைப் பார்த்ததும் அடுப்பில் பால் விடாத கட்டன் சாயா வைத்துவிடுவார். நான் ஜீப்பில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோகிறவன். வெள்ளிக்கிழமை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரு வாரம் மண்ணிடிந்து ரோடு அடைபட்டு வெள்ளிக்கிழமைதான் திறந்தது; வேறு வழியில்லாமல் அன்றைக்கே போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. சிவப்புப் புடவையில் மாமி பலகைமேல் உட்கார்ந்திருக்க, சார் அவர் பாதத்தில் குங்குமம் போட்டு அர்ச்சனை செய்துகொண்டிருந்தார்.

"மாமி, சிலிண்டர்" என்றேன்.

மாமி திரும்பிப் பார்த்தார். அந்த முகத்துக்கு என்னைத் தெரியவே இல்லை. கண் இமைக்கவும் இல்லை.

சார் எழுந்து என்னை ஜீப் வரைக்கும் கூட்டிவந்தார்.

"இன்னிக்கு இவ மாமி இல்லேப்பா, அம்பாள்."

"அப்ப நாளைக்கு, சார்?"

"நாளைக்குக் கார்த்தால என் ஆத்துக்காரியா எழுந்து வருவா. ரெண்டும் ஒண்ணுதான்னு படிச்சிருக்கேன்." சார் வீட்டைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா போனவதான் திரும்பி வராளான்னு ஒருநாளும் அவகிட்டே கேட்டதில்லே."

அடுத்த தடவை சனிக்கிழமை பார்த்துத்தான் போனேன். சார் குளித்துக்கொண்டிருந்தார். மாமி எப்போதும்போல் சாயா கொடுத்தார். சர்க்கரைகூட எப்போதும்போலவே எனக்குப் பிடித்த அளவு. குடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு மாமி சிரித்தார்.

"நீயும் கேட்டுடாதேப்பா."