மலைக்குப் போக லீவு போட்டவர்

லீவு போட்டுவிட்டு டிரெயினிங் போகிற புருஷனை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் கட்டிக்கொண்டேன். பெயர் தினகரன். பாரிவாக்கத்தில் கத்திரியும் கீரையும் போட்ட குடும்பம். மிலிட்டரியில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், பன்னிரண்டு வருஷமாக ஒரு தனியார் கம்பெனிக்காகக் கடல் நடுவே இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகிறார். மாதத்தில் பாதி நாள் ஆந்திராவில், பாதி நாள் பட்டாபிராமில் என்னோடு. கேஸ் சிலிண்டரைக்கூட மூன்று தடவை திருகிப் பார்க்கிற ஆள். அதிர்ந்து ஒரு வார்த்தை வராது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மே மாதம் முழுக்க லீவு என்றதும் பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போவார் என்று இருந்தேன். "இந்த வாட்டி மலைல அட்வான்ஸ் டிரெயினிங் கீது நாயகி. கம்பெனி அனுப்புது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பையைத் திறந்தால் புதுக் கம்பளி பனியன், முகத்துக்குப் பூசும் கிரீம். நாற்பத்தைந்து வயதில் கிரீம்! போன் வந்தால் பால்கனிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். திரையில் 'ஜெபா' என்று பெயர்.

பொறுக்க முடியாமல் அவர் ஆபீசுக்கே போன் போட்டேன். "நாங்க டிரெயினிங்னு எங்கயும் அனுப்பலையே மேடம். அவரு சொந்த லீவுல இருக்காரு" என்றார்கள். 

நேரே கேட்டால் மழுப்புவார். பாரிவாக்கத்துக்குப் பஸ் ஏறி, கோயில் தர்மகர்த்தாவான அவர் அண்ணன், என் மூத்தார் வீரராகவனைப் பார்த்தேன். கெங்கையம்மன் ஜாத்திரைக்குக் காப்புக் கட்டியவர்கள் பத்து நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. "மாமா, இந்த வருசம் நம்மூட்டுக் காப்ப அவர் கைல கட்டுங்க" என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. மனுஷருக்கு ஒரே சந்தோஷம்.

இவர் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, சாமி கும்பிட என்று அழைத்துப் போனேன். பூசாரி துலுக்கானம் மஞ்சள் துணியோடு வந்து நின்றார். அண்ணன் பேச்சைத் தட்டாதவர், கையை நீட்டிவிட்டார். அப்புறம் மூத்தார் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டினாயா என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

மறுநாள் காலை அவர் குளிக்கும்போது போன் அடித்தது. ஜெபாதான். "யாருடி நீ? எம்புருஷன் எங்கயும் வரமாட்டாரு!" என்று எடுத்ததுமே கத்தினேன்.

"லோகநாயகி அக்காவா? நான் மலைல ஹெலிகாப்டர் ஓட்டக் கத்துக்குடுக்கறவ. சார் வரலன்னு மெசேஜ் போட்டாரு, பதறிட்டேன். ஜூன்ல அவரை மலைக்கு மாத்துறாங்கல்ல? பள்ளத்துல விழுந்தவங்களத் தூக்குற வேலை. கம்பெனி ரெண்டு நாள் பழக்கிட்டு விட்டுடும். கடல்மேல பறந்தவங்களுக்கு அது பத்தாதுக்கா, மலைக்காத்து மேலேர்ந்து அமுக்கும். அதான் சாரே கேட்டு, சொந்த லீவுல வர்றாரு. அடுத்த பேட்ச் தீபாவளிக்குத்தான்."

"யாரை மாத்துறாங்க?" என்றேன். "ஐயோ, சார் உங்கள்ட்ட சொல்லலியாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

ஈரத் தலையோடு பின்னால் வந்து நின்றார். "நீ பயந்துடுவன்னுதான் சொல்லல. எனக்கே பயமாத்தான் கீது, நாயகி."

இத்தனை வருஷத்தில் அவர் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. பாவி நான்! உயிரைக் காப்பாற்றுகிற படிப்புக்குப் போக விடாமல் நானே கையைக் கட்டிப் போட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

துலுக்கானத்திடம் ஓடினேன். "அவுக்கக் கூடாதும்மா, குத்தம். அதே ஊட்டு ஆளு கைக்கு மாத்தலாம். ஆனா காரணத்த அம்மன் முன்னாடி வாய்விட்டுச் சொல்லணும்" என்றார்.

சாயந்திரம் பம்பை அடிக்க ஊரே கூடி நின்றது. "எம்புருஷன் மேல சந்தேகப்பட்டு நான்தான் கட்ட வெச்சேன்" என்று சொன்னேன். மூத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். காப்பு என் கைக்கு வந்தது.

மறுநாள் ஏர்போர்ட் வரை போக எனக்கு வழியில்லை. ஊர் எல்லையில் நின்றே அனுப்பினேன். ஆட்டோ பூந்தமல்லி ரோட்டில் திரும்பி மறைந்ததும் ஜெபாவுக்குப் போன் போட்டேன்.

"நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதம்மா. அவரு கிளம்பிட்டாரு. ஒரு மாசம் ஆனாலும் சரி, ரெண்டு மாசம் ஆனாலும் சரி, நல்லா கத்துக்கிற வரைக்கும் அவர உன்னாண்டயே வெச்சிக்கோ" என்றேன்.