மச்சானின் இடப்பக்கம்

எங்கள் இரண்டாவது மேட்சில் விழுந்த மூன்றாவது கோலை என் மச்சான் விட்டுவிட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தண்ணீர் கொடுக்கப் போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுவிட்ட எனக்கு மட்டும், அவர் அந்தப் பந்தைப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. இடது மூலையிலிருந்து மெதுவாக வந்த பந்து. வேகம் இல்லை, சுழற்சி இல்லை. வாசலில் ஆள் வந்து நிற்பது தெரியாமல் உள்ளே வேலையாக இருப்பவரைப் போல மச்சான் நேராகப் பார்த்தபடி நின்றார். அவருடைய இடது தோளுக்கு ஒரு முழம் தள்ளிப் பந்து உள்ளே போனது. வலை கட்டாத கோல் என்பதால் கருவேலம் புதர் வரைக்கும் உருண்டு ஓடியது. எதிரணிக்காரர்கள் கத்திய பிறகுதான் அவர் திரும்பினார். “எந்தப் பக்கம் வந்துச்சு?” என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். ஆற்றாமையில் கேட்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது நிஜமான கேள்வி.

அந்த சீசனில்தான் நான் முதன்முதலாக மேனேஜர் ஆகியிருந்தேன். வரதராஜன்பேட்டைக்கு அப்பால், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. எங்கள் அப்பாக்கள் வயதுக்காரர்கள் ஆரம்பித்த கிளப். மாவட்ட லீக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவோம். அதற்கு மேல் எந்தப் படியிலும் ஏறியதில்லை. சென்ட்ரிங் வேலை பார்ப்பவர்கள், சிமெண்ட் ஆலைக்குக் கான்ட்ராக்டில் போகிறவர்கள், தோப்புக்காரர்கள் என்று பதினான்கு பேர். முன்பு மேனேஜராக இருந்தவர் மகனோடு இருக்கத் திருச்சிக்குப் போய்விட்டார். பூசை முடிந்து கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டபோது ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். மச்சான்தான் என் தோளில் கையைப் போட்டார். “மாப்ள பாத்துக்குவாரு. முட்டி போனதுலேருந்து சும்மாதான நிக்கிறாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சீசனுக்கு மட்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பதினான்கு வருடமாகக் கிளப்பின் கோல்கீப்பர். வாரநாட்களில் ஜெயங்கொண்டம் சாலையில் இருக்கும் ஒரு பள்ளியின் வேனை ஓட்டினார். நான் குன்னத்துப் பக்கம், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காட்டிலிருந்து சிமெண்ட் ஆலையில் எடைமேடை வேலைக்கு வந்தவன். பந்து ஆடப் போன இடத்தில் பழக்கமாகி, இரண்டு வருடம் என்னைக் கவனித்துவிட்டு மச்சான் தன் தங்கையைக் கட்டிக்கொடுத்தார். பெற்றோர் போன பிறகு தங்கையை அவர்தான் வளர்த்தார். என் மனைவிக்கு அண்ணன் என்ற வார்த்தைக்குள் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். வீட்டின் முன்பாதியில் அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் இருந்தார்கள், பின்பாதியில் நாங்கள். ஒரே கேட், ஒரே அடிபம்பு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் மகள் விழித்ததும் முதலில் ஓடுவது முன்பாதிக்குத்தான். அவள் பள்ளிக்குப் போனதும் மாமா ஓட்டும் வேனில்தான். டிரைவர் சீட்டுக்கு நேர் பின் சீட் அவளுடையது என்று வேனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தோற்ற மேட்சுக்குப் பிறகு நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மேனேஜராக இல்லாவிட்டால் கவனித்திருக்க மாட்டேன். சாப்பிடும்போது இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பை இரண்டு தடவை தட்டிவிட்டார். கதவு நிலையில் இடது தோள் இடித்தது. யாராவது அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். புதன்கிழமை மாலை பிராக்டிஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவர் கோலில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் இடப்பக்கம் போய்ப் பந்தை மெதுவாக அவரை நோக்கிப் போட்டேன். குழந்தைகூடப் பிடித்துவிடும் பந்து. அது அவர் காதில் பட்டுக் கீழே விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

“வெயில் கண்ணுல அடிச்சிருச்சு மாப்ள” என்றார். சூரியன் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

சனிக்கிழமை அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நேராகக் கேட்டேன். குழாயை நிறுத்திவிட்டு வேன் படியில் உட்கார்ந்தார். “ஆறு மாசமா தெரியும். பெரம்பலூர்ல கண்ணு முகாம் போட்டாங்கல்ல, அங்க காட்டுனேன். கண்ணுக்குள்ள பிரஷராம். இடது கண்ணு நரம்பு செத்துப்போச்சாம். போனது திரும்பாது, சொட்டு மருந்து வுட்டா வலது கண்ணாவது நிக்கும்னாங்க.”

“வண்டி ஓட்டுறீங்களே மச்சான்” என்றேன்.

“இத்தன வருசமா ஓட்டுற ரோடு. எங்க குழி, எங்க வளைவுன்னு கால் சொல்லும்.” பிறகு குரல் தாழ்ந்தது. “கோல வுட்டுட்டு நின்னா ஏன்னு கேப்பாங்க. காரணத்த சொன்னா வண்டி போயிடும். வண்டியும் போயி கோலும் போயிட்டா நான் இந்த ஊர்ல யாரு? கொஞ்ச நாள் பொறுங்க, நானே ஒரு வழி பாக்குறேன். தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேணாம். அவ தாங்க மாட்டா.” என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரமான கை. நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நொடியில் எனக்குப் பின்னால் ஒரு கதவு சாத்திக்கொண்டதை அறிந்தும்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் மகளை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். ஷிஃப்ட் மாறிவிட்டது, போகிற வழிதான் என்றேன். அவள் மாமாவின் வேனில்தான் போவேன் என்று அழுதாள். மச்சான் வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பிடித்த கையாலேயே அவளுக்குக் கையசைத்தார். அந்த வேனில் மேலும் இருபத்திரண்டு பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேருடைய அப்பாக்களை எனக்குத் தெரியும். மூன்று பேர் எங்கள் டீமிலேயே ஆடினார்கள். அன்று மாலை பிராக்டிஸில் அவர்களுக்கு நான் பந்தை எடுத்துக் கொடுத்தேன்.

மச்சானைக் கோலிலிருந்து எடுக்கக் காரணம் சொல்ல முடியாததால், அவருடைய குறையைச் சுற்றியே டீமை அமைத்தேன். சென்ட்ரிங் வேலைக்காரர் ஒருவர் எங்களிடம் இருந்ததிலேயே நல்ல தடுப்பு ஆட்டக்காரர். அவரை இடப்பக்கம் நிறுத்தி, “இந்தப் பக்கமா ஒரு பந்து கோலுக்குப் போகக் கூடாது. போனா வாய்விட்டுக் கத்து” என்று மட்டும் சொன்னேன். இன்னும் இரண்டு பேரை அவருக்குத் துணைக்கு நகர்த்தினேன். எதிரணிகள் இடப்பக்கம் வழியில்லாமல் எங்கள் வலப்பக்கம் வந்தார்கள். அங்கே மச்சான் பழைய மச்சானாக இருந்தார். பெரம்பலூரில் போய் ஜெயித்தோம். அரியலூர் டீமை எங்கள் மண்ணிலேயே ஜெயித்தோம். அடுத்ததும் ஜெயித்தோம். அதுவரை எங்களைத் திரும்பிப் பார்க்காதவர்கள், புது மேனேஜர் இடப்பக்கத்தை எப்படி அடைத்தான் பார் என்று டீக்கடையில் பேசினார்கள். அந்தப் பாராட்டு எனக்குள் இறங்கவே இல்லை. மைதானத்தில் மூன்று பேரைக் காவல் வைத்தால்தான் பார்த்துக்கொள்ள முடிகிற ஒரு பக்கத்தை, தினமும் காலையிலும் மாலையிலும் சாலையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஆலையில் லாரிகள் எடைமேடையில் ஏறும்போதெல்லாம் இடப்பக்கக் கண்ணாடியைத்தான் பார்த்தேன். போன் அடித்தால் முதலில் பள்ளி நம்பரா என்று பார்த்தேன்.

விலகிவிடலாம் என்று கிளப் தலைவரிடம் போனேன். மேனேஜர் வேலையை விட்டால் இதிலிருந்தும் வெளியே வந்துவிடலாம் என்று ஒரு குருட்டு எண்ணம். “ஜெயிக்கிற நேரத்துல எவனாவது வுட்டுட்டுப் போவானா? போயி ஞாயித்துக்கெழம டீமப் பாருய்யா” என்று சிரித்தபடி அனுப்பிவிட்டார். வீட்டில் மனைவி வேறு விதமாகக் கேட்டாள். “ஏங்க, அண்ணன் வண்டி வாசல்ல நிக்கிது. நீங்க பாப்பாவ பைக்குல ஏத்திக்கிட்டுப் போறீங்க. ஊர்ல என்ன நெனைப்பாங்க? ஏதாச்சும் சண்டையா?” இல்லை என்றேன். முன்பாதியில் மச்சான் இருமுவது கேட்டது. அந்த வீட்டில் உண்மையைச் சத்தமாகச் சொல்ல ஓர் இடம்கூட இல்லை.

கடைசி மேட்சுக்கு முந்தைய வியாழக்கிழமை அது நடந்தது. அந்த மேட்சில் சமன் செய்தாலே லீக் எங்களுக்கு என்ற நிலை. சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருகிற வழியில், புல்லுக்கட்டோடு சைக்கிளில் போனவர் ஒருவர் மீது வேன் உரசி அவர் பள்ளத்தில் விழுந்தார். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. வேனில் அப்போது பிள்ளைகள் இல்லை. மச்சானே அவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். “திடீர்னு குறுக்க வந்துட்டாரு” என்று வாசலில் நின்றவர்களிடம் சொன்னார். நான் வேனைச் சுற்றி வந்தேன். இடப்பக்கத் தகட்டில் முன்சக்கரத்திலிருந்து பின்கதவு வரைக்கும் பச்சைப் புல் தேய்ந்து ஒரே நீளக் கோடாக இருந்தது. குறுக்கே வந்தவர் அப்படிக் கோடு போட முடியாது. அவர் வேனுக்குப் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

உள்ளே போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. “எத்தன நாளா தெரியும்?” என்று கேட்டாள்.

“மூணு வாரம்.”

“பாப்பாவ பைக்குல ஏத்துன நாள்லேருந்தா?”

தலையசைத்தேன். அவள் என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “மத்த புள்ளைங்களுக்கு அப்பா இல்லையா?” என்றாள். மறுநாள் விடிந்ததும் அவளே என் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். வேன் புறப்படுவதற்குள் நாங்கள் பள்ளித் தலைமையாசிரியை வீட்டில் இருந்தோம். அரைமணி நேரத்தில் வேறு டிரைவர் வந்து மச்சானிடம் சாவியை வாங்கிக்கொண்டார். மச்சான் எதுவும் கேட்காமல் கொடுத்தார் என்று அக்கா பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. மாற்றுக் கீப்பரை நிறுத்தினேன். மூன்று வாரமாக இடப்பக்கமே சாய்ந்து பழகிய டீம், ஆள் மாறிய பிறகும் இடப்பக்கமே சாய்ந்தது. வலப்பக்கம் திறந்து கிடந்தது. அந்த வழியாக ஒரே ஒரு கோல் வாங்கித் தோற்றோம். ஊரில் காரணம் இன்னும் பரவியிருக்கவில்லை. கோலில் வேறு ஆளை நிறுத்துவதற்காக மச்சானையே கவிழ்த்துவிட்டேன் என்று பேசினார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு நின்றிருக்கும். காரணம் வெளியே வந்திருக்கும். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தோற்றுவிட்டு ஓட முடியாது என்று தலைவர் அடுத்த சீசனையும் என் தலையில் வைத்தார். அதே கேட் வழியாகப் போய், அதே அடிபம்பில் முகம் கழுவி, ஏழு மாதம் மச்சான் என்னோடு பேசாமல் இருந்தார். மகள் மட்டும் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சீசன் தொடங்கிய பிறகு ஒருநாள் பிராக்டிஸுக்கு வந்து கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்திரித் தோப்பில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மருந்தில் வலது கண் பார்வை தப்பிவிட்டது என்றார். பிறகு மைதானத்தைப் பார்த்தபடியே பேசினார். “நீங்க சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல மாப்ள. பாப்பாவ மொத நாளு பைக்குல ஏத்துனீங்க பாருங்க, அன்னிக்கே நெனச்சேன், சரி, போயி சொல்லிடுவாருன்னு. மனசுக்குள்ள அப்பாடான்னுதான் இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் பாத்தேன், ஒருத்தரும் வரல. மறுநாளும் வரல. தெனம் சாவிய எடுக்குறப்ப யாராச்சும் வந்து புடுங்கிக்க மாட்டாங்களான்னு இருக்கும். நானா அத கீழ வைக்க முடியல. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க. நானும் ஓட்டிக்கிட்டே இருந்தேன்.”

சொல்லிவிட்டு எழுந்துபோய் புதுக் கீப்பரின் காலை நகர்த்தி நிற்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

இது எனக்கு நான்காவது சீசன். இப்போது மச்சானின் கண் விஷயம் ஊருக்கே தெரியும். பேச்சும் மாறிவிட்டது. சொந்த மச்சான் என்றும் பார்க்காமல் பிள்ளைகளைக் காப்பாற்றியவன் என்கிறார்கள். டீமுக்குப் புதிதாக யார் வந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். பல சமயம் மச்சானும் அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் மறுத்து ஒன்றும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்ப்பதும் இல்லை.