சைரனின் ஒரு டேங்க் டீசல்

என் தம்பி மனைவியை எங்கள் வீட்டில் சைரன் என்றுதான் கூப்பிடுவோம். ஆயுசில் பாதியை ஆம்புலன்ஸ் ஓட்டியே கழித்தவள். அவள் சும்மா கடைக்கு நடந்து போனால்கூட, தெருநாய் தூக்கத்திலேயே புரண்டு வழிவிடும். நம்பாதவர்கள் நாயைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த மொத்தத் தொகையையும் போட்டு, பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கிற ஒரு கழிப்பறை. தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் எடைதான் முதலில் கண்ணில் படும். பிறந்த குழந்தையைக் கையில் கொடுத்தாலும் மூக்கு யார் ஜாடை என்று பார்க்கமாட்டான். "மூணு கிலோ இருக்கும்" என்பான்.

"இது என்ன மைலேஜ் குடுக்கும்?"

"வித்தவர் லிட்டருக்குப் பத்துன்னார்."

"அவர் வாய்க்குப் பத்து. உன் காலுக்கு அஞ்சு."

அஞ்சுதான் கொடுத்தது. முதல் பயணத்தில் நானும் பின்சீட்டில் இருந்தேன். வண்டியில் நோயாளி யாரும் இல்லை என்பது அவள் மூளைக்குத் தெரிந்திருந்தது. வலது காலுக்கு யாரும் சொல்லவில்லை. முன்னால் எது போனாலும் முந்தினாள். டீசல் முள் இறங்கிய வேகத்தைப் பார்த்து அதைக் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டு, "அதுக்குள்ள இவ்வளவு மணி ஆயிடுச்சா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

வீடு வந்ததும் தம்பி பிடித்துக்கொண்டான். "நிறுத்தி வச்சா இன்சூரன்ஸ் திங்குது. ஓட்டினா டீசல் குடிக்குது. டோல்கேட்ல லாரிக்கு வாங்கற காசைக் கேக்கறான். போன இடத்துல நிறுத்தி வைக்க வேற வாடகை. இதுக்கு நல்ல ஹோட்டலா பாத்துத் தங்கி, காலை ஆட்டிக்கிட்டு வந்திருக்கலாம்."

தெருமுனைப் பழக்கடைக்காரர் காதில் இது எப்படி விழுந்ததோ, மறுநாளே வந்து நின்றார். அவருக்கு ஜூஸ் கடை போட ஒரு வண்டி வேண்டும். "எனக்குக் குடுத்துடுங்கக்கா. நான் இதை ஓட்டவே மாட்டேன். நிக்க வச்சே சம்பாதிப்பேன்."

சைரன் சத்தம் போடவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இந்தச் சுத்துவட்டாரத்துல எனக்குத் தெரியாத ரோடு இல்ல," என்றாள். "ஒரு ரோட்டுலயாவது இறங்கி நின்னிருக்கேனா? ஆஸ்பத்திரி கேட்டைத் தவிர வேற எங்கயாவது போய்ச் சேந்திருக்கேனா? விக்கமாட்டேன்."

"அப்ப டீசலுக்கு?" என்றான் தம்பி.

"ஒரே டேங்க். மலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்குப் போறோம், ராத்தங்கறோம், திரும்பி நம்ம வாசலுக்கு வர்றோம். நடுவுல ஒரு சொட்டு வாங்கினாலும் சாவி இவருக்கு."

தம்பி விரலை மடக்கிப் பார்த்தான். லிட்டருக்கு எட்டாவது கொடுத்தால்தான் நடக்கும். "அஞ்சு குடுக்கிற காலை வச்சுக்கிட்டா?"

"காலைப் பழக்கறேன்."

பழக்கடைக்காரர் அவள் மனம் மாறுவதற்குள் கைகுலுக்கிவிட்டுப் போனார். போகும்போதே ஜூஸ் மிஷின் எங்கே வைக்கலாம் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

பழக்கிய விதத்தைச் சொல்லவேண்டும். தம்பியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, கையில் ஒரு தம்ளர் டீயை விளிம்பு தளும்பத் தளும்பக் கொடுப்பாள். பிறகு வண்டியை எடுப்பாள். திடீரென்று அழுத்தினால் டீ அவன் சட்டையில். திடீரென்று பிரேக் போட்டால் டீ அவன் மடியில். முதல் வாரம் அவன் துணியெல்லாம் டீத்தூள் பொட்டலம் மாதிரி மணத்தது. சட்டையில் கறை குறையக் குறைய மைலேஜ் ஏறியது. சைக்கிள்காரன் முந்திப் போனபோது அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். ஆனால் கால் அசையவில்லை.

எடை விஷயத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். அவனுக்கு அது திருவிழா. டயருக்குச் சரியாகக் காற்றடித்தான். அலமாரிக் கதவுகளைக் கழற்றினான், வெயிலுக்கு விரிக்கிற மேல்கூரையைக் கழற்றினான், ரெண்டாவது கட்டிலைக் கழற்றினான். எல்லாம் முடிந்து, ஒருவிதமாக என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க எத்தனை கிலோ?"

"என்னையும் கழட்டப் போறியா?"

"சும்மா கேட்டேன்."

"அக்கா வரட்டும்," என்றாள் சைரன். "சாட்சி வேணும். நீ பொய் சொன்னா நம்புவாங்க. அக்கா நெஜம் சொன்னாக்கூட யாரும் நம்பமாட்டாங்க. அதனால ரெண்டு பேரும் வாங்க."

போகிற வழி அமர்க்களமாக இருந்தது. மேட்டில் அவசரப்படாமல் ஏறினாள். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டு, வண்டியை அதன் போக்கில் விட்டாள். ஒரு டிராக்டர் எங்களை முந்தியது. ஓட்டியவர் பாவப்பட்டுக் கையசைத்துவிட்டுப் போனார். ஏரிக்கரையில் நிறுத்தியபோது முள் பாதிக்கு மேலேயே நின்றது. தம்பி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

காலையில் எழுந்தபோது அவள் படுக்கையில் இல்லை. கரைமேல் போகிற ரோட்டின் நடுவில், செருப்பில்லாமல், இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினாள், குடிக்கவில்லை.

"ரோடு இவ்வளவு அகலமாக்கா?" என்றாள்.

வினை திரும்புகிற வழியில்தான். மலையிறங்கி நகரத்துக்குள் நுழைந்தோம். சந்தைப்பக்கம் ஒரே நெரிசல். பின்னாலிருந்து கேட்டது அந்தச் சத்தம். நிஜ ஆம்புலன்ஸ். ஒதுங்கி வழிவிடவேண்டும், அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் செய்வது அதுதானே? இவளுக்கு அந்தச் சத்தம் எப்போதும் தன் தலைக்கு மேலிருந்து வந்ததே தவிர, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததில்லை. கால் இறங்கியது. தம்பி கையிலிருந்த டீ பறந்தது. ஹாரனை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று கத்திக்கொண்டே, அடுப்போடும் கழிப்பறையோடும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் பறந்தாள். வண்டிகள் இரண்டு பக்கமும் பிளந்து வழிவிட்டன. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு போக்குவரத்துக் காவலர் எங்களுக்கு சல்யூட் அடித்தார்.

பெரிய ஆஸ்பத்திரி கேட்டில் காவலாளி பார்த்த முகமாயிற்றே என்று கதவை விரியத் திறந்தார். அவசரப்பிரிவு வாசலில் போய்த்தான் நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் தான் என்ன ஓட்டிவந்தோம் என்று திரும்பிப் பார்த்தாள்.

நோயாளியை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, ஆம்புலன்ஸ் டிரைவர் வேர்வையைத் துடைத்தபடி வந்தார். "சும்மா சொல்லக்கூடாதுக்கா, சந்தையில நான் மட்டும்னா மாட்டியிருப்பேன். ஆமா, நீங்க யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"என் நாத்தனாரை," என்றாள். எனக்கு நெஞ்சு வலிக்கிறதா என்று ஒரு நர்ஸ் கேட்டார். டீசல் முள்ளைப் பார்த்தேன். வலித்தது.

தம்பி சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான்: "பங்க் எதிர்ல இருக்கு. போட்டுக்கலாம். சாவி போனா போகட்டும். டீசல் வண்டிய வறள விட்டா குழாயில காத்துப் பிடிச்சுக்கும்."

"முள் இன்னும் படுக்கல," என்றாள் அவள். "இறங்கு. தண்ணித் தொட்டியத் திற."

மிச்சத் தண்ணீர் முழுவதும் ஆஸ்பத்திரிச் செடிகளுக்குப் போயிற்று. அதன் பிறகு அவள் ஓட்டியதை ஓட்டுதல் என்று சொல்லமுடியாது. வண்டியைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். ஜன்னலை மூடச் சொன்னாள், ஃபேனை அணைக்கச் சொன்னாள், என்னைப் பேச்சை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். அதில் மட்டும் ஒரு கிலோமீட்டர் கிடைத்திருக்கும்.

எங்கள் தெருமுனை வரை வந்தது. அங்கே ரெண்டு இருமல் இருமி, நின்றது. நின்ற இடம் பழக்கடை வாசல்.

பழக்கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டே வெளியே வந்தார். "சாவி, அக்கா?"

"டீசல் வாங்கினேனா?"

"இல்ல. ஆனா வண்டி நின்னுடுச்சே!"

"வழியில நிக்கக்கூடாதுன்னு யார் சொன்னா? வாசலுக்கு வரணும்னுதான் பேச்சு. வருவேன். எனக்கு அவசரமில்ல." அடுப்பைப் பற்றவைத்து, பாட்டிலில் மிச்சமிருந்த குடிதண்ணீரை டீக்கு வைத்தாள். "இது வீடு. கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு. ஒரு மாசம்கூட இருப்பேன்."

அவள் டீயை ஆற்றி முடிப்பதற்குள் தர்பூசணி லாரி வந்துவிட்டது. கடையை மறைத்துக்கொண்டு எங்கள் வண்டி. லாரிக்காரர் ஹாரன் அடித்தார், தலையை நீட்டித் திட்டினார், இறக்காமலே திரும்பிப் போவேன் என்று மிரட்டினார். பழக்கடைக்காரர் லாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலையில் கைவைத்தார்.

கடைசியில் மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டு, அவரே முதல் ஆளாகத் தோள்கொடுத்துத் தள்ளினார். எங்கள் வாசல் வரைக்கும். வண்டியின் எடையைத் தம்பி அவருக்குச் சொல்லிக்கொண்டே கூட நடந்தான். பிரேக்கை இறுக்கிவிட்டு, சைரன் ஜன்னல் வழியாக டீயை நீட்டினாள்.

"தளும்பாமக் கொண்டுவந்துட்டீங்களே," என்றாள்.

மெக்கானிக் வந்து டீசல் குழாயில் பிடித்திருந்த காற்றை எடுத்துவிட்டு, தம்பியிடம் கறாராகக் காசு வாங்கிப் போனார். வண்டி இன்றும் அவளிடம்தான். எட்டுக்கும் சற்று மேலேயே கொடுக்கிறது. பின்னால் சைரன் கேட்டால் இப்போது ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றுகொள்கிறாள். சத்தம் தேய்ந்து மறையும்வரை ஏறுவதில்லை. அப்படி அவள் இறங்கி நின்ற ரோடுகளே இப்போது எத்தனையோ.