துடுப்பைத் தட்டினால் வரும்

சரணாலயத்தில் படகோட்டுபவரை எல்லோரும் முதலை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை நரைக்கும் முன்பே வந்த பெயர். துடுப்பால் படகின் விளிம்பைத் தட்டுவார். நாணலுக்குள்ளிருந்து கிழட்டு முதலை நீந்தி வரும். பயணிகள் வாயைப் பிளப்பார்கள். காலடி வாளியிலிருந்து அவர் மீன்தலை ஒன்றை நழுவவிடுவதை யாரும் கவனிப்பதில்லை. விலங்குகளுக்கு உணவு போடாதீர்கள் என்ற பலகையைத் துடைத்து வைப்பவரும் அவர்தான்.

அன்று காலை படகில் ஒரு குடும்பம். மணல்திட்டில் ஆலாப் பறவைகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. நீர்நாய்கள் ஒரு மீனுக்காகக் கட்டிப் புரண்டன. மாமா தட்டினார். இரண்டு கண்கள் நீருக்கு மேலே வந்தன. பாதி தூரம் வந்து, திரும்பிக்கொண்டன.

"என்னண்ணே, கோவிச்சுக்கிச்சா?" என்றார் குழந்தையின் அப்பா.

"வயசாச்சு சார். காது மந்தம்."

சொல்லி முடிக்கவில்லை, அவருக்கும் கேட்டது. தொப், தொப். எதிர்க்கரையில் கல்லில் துணி துவைக்கும் சத்தம். துடுப்புச் சத்தமும் அதுவும் ஒன்றுபோலவே இருந்தன. இத்தனை வருடத்தில் அது அவருக்குத் தோன்றியதே இல்லை.

எதிர்க்கரைக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் கெட்டுக் கிடந்தது. 'ஆத்துலயே அலசிட்டு வந்துடறேன்' என்று கிளம்பும்போது மனைவி சொன்னதற்கு, பீடி பற்றவைத்தபடி ம் கொட்டியிருந்தார்.

முதலை அமிழ்ந்தது.

"மேல ஏறு!"

எதிர்க்காற்று. குரல் போய்ச் சேரவில்லை. முழங்கால் நீரில் நின்று அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு அடியும் அதைக் கூப்பிட்டது.

பயணிகள் பார்க்கப் பார்க்க வாளியை ஆற்றில் கவிழ்த்தார். துடுப்பு விரிசல் விடும் அளவுக்குத் தட்டினார்.

"மாமா, சாப்பாடு போடக்கூடாதுன்னு எழுதியிருக்கே?" என்றது குழந்தை.

அங்கே சத்தம் நின்றது. அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காற்று அவள் குரலைக் கொண்டுவந்தது.

"என்னங்க, படக ஒடச்சு வெறகாக்கப் போறீங்களா?"

துடுப்பைத் தூக்கிக் கரையைக் காட்டினார், திரும்பத் திரும்ப. அவள் முணுமுணுத்துக்கொண்டே துணி வாளியோடு மேலே ஏறினாள். கல்லருகே நீர் ஒருமுறை சுழித்து அடங்கியது.

மாமா உட்கார்ந்துவிட்டார். மீன்தலைகள் யாரும் தொடாமல் மிதந்தன.

அப்போது ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து கேட்டது. தொப், தொப். அங்கே வேறு யாரோ, வேறு கல்லில்.

தட்டினார். எதுவும் வரவில்லை. வாளி காலி. படகை அந்தப் பக்கம் திருப்பி, கத்திக்கொண்டே துடுப்பு வலித்தார்.