ரெண்டு கிளாஸ் மனுஷன்

அந்தத் தெருவில் முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர்கள் இரண்டு காரியமாகப் போவார்கள். ஒன்று முடி, இன்னொன்று வம்பு. இரண்டையும் ஒரே நாற்காலியில் வைத்து முடித்துத் தருகிறவளுக்குக் கத்திரிக்காரி என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. கையில் இருந்த கத்திரியாவது எண்ணெய் போடாவிட்டால் மக்கர் பண்ணும். வாயில் இருந்தது அப்படியல்ல. பல் பிடுங்கிக்கொண்டு நேராக வந்து உட்கார்ந்த ஒரு பெரியவரை, "சிரிச்சா தையல் பிரிஞ்சிடும்மா, விட்டுடு" என்று கெஞ்சக் கெஞ்சச் சிரிக்க வைத்து, திரும்பவும் பல் டாக்டரிடமே அனுப்பியவள் அவள்.

அப்பேர்ப்பட்டவளின் புருஷனுக்குச் சிரிப்பு வராது. ஊர் முழுக்க விளக்கேற்றிவிட்டு, தன் வீட்டுக்கு இருட்டில் தட்டுத்தடுமாறிப் போன கதைதான்.

அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. மெஷின் துப்பும் படுக்கை விரிப்புகளைக் கிழிசல் பார்த்து மடித்து அடுக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அதையேதான் செய்தார். மூலையோடு மூலை சேர்த்து அவர் வைக்கும் அடுக்கை ஸ்கேல் வைத்து அளந்தாலும் குறை கண்டுபிடிக்க முடியாது. சட்டையும் விறைப்பு, ஆளும் விறைப்பு என்பதால் கூட இருந்தவர்கள் இஸ்திரி என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "நான் இஸ்திரி போடறதில்ல, மடிக்கிறேன்" என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் திருத்துவார்.

கல்யாணத்துக்கு முன்னால் இருபத்தெட்டு நாளைக்கு ஒரு முறை அவளிடம் முடி வெட்ட வருவார். "பக்கத்துல குறைங்க. மேல வேண்டாம். பேச்சும் வேண்டாம்." இப்படி ஒருத்தர் சொன்னால் அவள் சும்மா இருப்பாளா? ஏழு மாதம் தன் கையிருப்பில் இருந்த ஜோக்கை எல்லாம் அவர் தலையில் கொட்டினாள். கண்ணாடியில் அந்த முகம் ஆடவில்லை, அசையவில்லை. எட்டாவது மாதம், குடைக்காரன் ஜோக் ஒன்றைச் சொல்லி முடித்தபோது அவர் கேட்டார்: "போன தடவை அவன்கிட்ட ரெண்டு குடை இருந்துச்சே. இன்னொண்ணு எங்க போச்சு?"

அங்கேதான் விழுந்தாள். மற்றவர்கள் சிரிப்பார்கள், ஆனால் கேட்க மாட்டார்கள். ஜோக்கைக் கடைசி எழுத்து வரை கேட்ட ஒரே மனுஷன் இவர்தான். கல்யாணத்துக்கு அவளேதான் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "எந்தக் கிழமை?" என்றார்.

அவருக்கு நாற்பது வயதான பிறகுதான் ஒரு டாக்டர் உட்கார வைத்து நிதானமாகப் பேசி, இதற்கு ஆட்டிசம் என்று பெயர், பிறவியிலேயே இருப்பது, நோய் இல்லை என்று சொன்னார். சத்தம் ஏன் ஊசியாகக் குத்துகிறது, நாற்காலியை இடம் மாற்றினால் ஏன் அன்றைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கின. வெளியே வந்ததும் கத்திரிக்காரி சொன்னாள்: "அட, பேரு வெச்சாச்சா? இத்தனை நாளா நான் உங்களுக்குக் கொழுப்புன்னுல்ல நெனச்சேன்."

"கொழுப்புக்கு வேற டெஸ்ட்" என்றார் அவர்.

அவள் நடுரோட்டில் நின்று சிரித்தாள். அவர் அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு ரோட்டைக் கடந்தார்.

அதோடு நின்றிருந்தால் ஒரு குறையும் இல்லை. கத்திரிக்காரியின் தம்பி, தன் மகள் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து, ஆளை விட உயரமான ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து வைத்தான். வண்டி நிறுத்தும் இடத்தில் இஸ்திரி வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். தம்பி ஒரு கிளாஸோடு போனான். "மாமா, இதைக் கொஞ்சம் போடுங்க. சத்தம் தூரமாப் போயிடும்." ஒன்று போட்டார். இரண்டு போட்டார். இரண்டுக்குப் பிறகு உள்ளே வந்து எல்லோருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போது கத்திரிக்காரி ஏதோ ஒரு பழைய ஜோக்கைத்தான் விட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரி சிரித்தார், பல் தெரிய, தோள் குலுங்க.

பதினோரு வருஷக் கல்யாணத்தில் முதல் சிரிப்பு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அவர் கையை விடவில்லை. "ரெண்டு கிளாஸ் போட்டா எவ்வளவு நல்லா இருக்கீங்க!" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒரு தடவை இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு விசேஷத்துக்கும் சொன்னாள்.

சொன்னதோடு விடவில்லை. விசேஷம் என்றால் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் அவளே ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். "எவ்வளவு?" என்று அவர் கேட்டார். அவருக்கு 'கொஞ்சம்' என்று ஒரு அளவு கிடையாது. அதனால் கிளாஸில் நெயில் பாலிஷால் கோடு போட்டுக் கொடுத்தாள். அதை ஒரு சாமர்த்தியமாக நினைத்துக் கடையில் சொல்லியும் சிரித்தாள். இஸ்திரியின் தலைக்குள் ஒரு காரியம் மூன்று தடவை நடந்தால் அது சட்டம் என்பது அவளை விட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் செய்தாள்.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி, சலவையை வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டது. பதினாறு பேருக்கும் ஒரே மாதிரிக் கடிதம். மறுநாளும் இஸ்திரி ஆறு நாற்பதுக்குக் கிளம்பினார். அதற்கு மறுநாளும். பின்பக்கக் கேட்டை ஒட்டி ஒரு குட்டைச் சுவர் இருந்தது. அதில் ஷிப்ட் முடியும்வரை உட்கார்ந்துவிட்டு வருவார். ஒன்பதாம் நாள் வாட்ச்மேன் போன் பண்ணினார்: "அம்மா, வெயில்ல உக்காந்திருக்காரு. தொரத்தவும் மனசு வரல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, உள்ள வேலை இல்லைங்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"வராம இருந்தா காலையில என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல."

அவள் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வேலை தேடும் படலத்தை அவளே நடத்தினாள். மனு எழுதினாள், அலைந்தாள். ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இன்டர்வியூ என்றதும், தன் கடை நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள்.

"கேள்வி கேட்கிறவங்க கண்ணைப் பார்த்துப் பேசுங்க."

"எந்தக் கண்ணை?"

"ஐயோ சாமி! ஏதோ ஒரு கண்ணை!"

கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவருக்குப் பேச வந்தது. நேருக்கு நேர் வரவில்லை. ஹோட்டல்காரன் கண்ணாடி வைத்திருப்பானா என்ன? இன்டர்வியூ அன்று காலை பத்து மணிக்கு, செருப்பைப் போட்டுக்கொண்டும் வாசலைத் தாண்டாமல் நின்றவரைப் பார்க்கச் சகிக்காமல், கோடு போட்ட கிளாஸை எடுத்து இரண்டு முறை ஊற்றிக் கொடுத்தாள்.

போனார். அருமையாகப் பேசினாராம். மேனேஜரின் ஏதோ ஒரு பேச்சுக்குச் சிரிக்கக்கூடச் சிரித்தாராம். கடைசியில் அந்த ஆள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டதற்கு, "ஆமா. ஆளுங்க இருக்கிற இடத்துக்குப் போறதுன்னா ரெண்டு கிளாஸ். என் மனைவி ஊத்திக் கொடுத்தா" என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லத் தெரிந்தால்தானே!

இதையும் கத்திரிக்காரி கடையில் கதையாகச் சொன்னாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள். அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் விசேஷம் இல்லாத நாளிலும் பாட்டில் வர ஆரம்பித்தது. ஏழு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அவள் வரும்போது வீட்டில் வாடை இருக்கும். இரண்டு நாலாயிற்று, நாலு கணக்கில்லாமல் போயிற்று. இப்போது சிரிப்பு வந்தது. தேவையில்லாத இடத்தில் எல்லாம் வந்தது. அவள் அழுதாலும் சிரித்தார். வேலை போன துக்கம் என்று அவள் நினைத்தாள், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். பாட்டிலை ஒளித்தாள், கவிழ்த்தாள், காலில் விழுந்தாள், மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். பேசாமல் இருந்த அந்த மூன்று நாளும் அவர் குறைவாகக் குடித்தார். அவள் அதைக் கவனித்தாள், ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

இஸ்திரியின் அக்கா வந்து சண்டை போட்டாள். "ஏம்மா, எங்க வீட்டுல இருந்தவரைக்கும் தண்ணியைத் தவிர எதுவும் தொடாத பையன். நீ வாயடிச்சு வாயடிச்சே அவனைக் குடிக்க வெச்சுட்ட."

"உங்க வீட்டுல அவரை ஒரு மேசை மாதிரி வெச்சிருந்தீங்க அண்ணி. நான்தான் மனுஷனா நடத்தினேன்."

"மேசை கீழ விழுந்து கிடக்காதும்மா" என்றாள் நாத்தனார்.

சொல்லி ஒரு வாரம் ஆகவில்லை, ஒரு ராத்திரி போதையில் மாடிப்படியில் உருண்டு வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதே பெரிய ஆஸ்பத்திரிதான். இவ்வளவு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து, இங்கேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பத்து நாள் படுக்கை. நாலாம் நாளே, இடது கையாலும் பல்லாலும் தன் விரிப்பைப் பிரித்து மடித்து, புதுக் கம்பெனியின் வேலை சரியில்லை என்று நர்ஸிடம் புகார் கொடுத்துவிட்டார். பிழைத்துக்கொள்வார் என்று அப்போதுதான் கத்திரிக்காரிக்கு மூச்சு வந்தது.

ஏழாம் நாள் டாக்டரம்மா கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தபடியே கேள்வி கேட்டார். நல்ல டாக்டர்.

"தினமும் எத்தனை மணிக்குக் குடிப்பீங்க?"

"ஆறு பத்துக்கு ஆரம்பிப்பேன்."

"அதென்ன ஆறு பத்து?"

"அவ ஏழு மணிக்கு வருவா. அம்பது நிமிஷம் வேணும்."

"எதுக்கு அம்பது நிமிஷம்?"

"சிரிக்கிறதுக்கு" என்றார் இஸ்திரி. "வேலை இருந்தப்போ சம்பளம் கொடுத்தேன். இப்போ கொடுக்க வேற எதுவும் இல்ல. ரெண்டு கிளாஸ் போட்டா நல்லா இருக்கேன்னு அவ சொல்லியிருக்கா. இருபத்திரண்டு தடவை சொல்லியிருக்கா. முதல்ல ரெண்டுலயே வந்துச்சு. அப்புறம் ரெண்டுல வரல. அதான் கூட்டினேன்."

கோபமோ குற்றச்சாட்டோ அதில் இல்லை. கிழிந்த விரிப்பு எத்தனை என்று சூப்பர்வைசரிடம் சொல்லும் அதே குரல்தான். கட்டிலின் அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கத்திரிக்காரி, தெருவையே வாயடைக்க வைத்தவள், அந்த இருபத்திரண்டையும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவர் தன் அக்கா வீட்டுக்குப் போனார். யாரும் பிரித்துக் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவரே கேட்டார். "நம்ம வீட்டுல ஆறு பத்து வரும்போது கஷ்டம்" என்றார். நாத்தனார் வீட்டில் பேச்சும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. எல்லாம் அததன் இடத்தில் இருக்கும். மேசை என்று அவள் கேலி செய்த அதே இடம்தான். அங்கே அவருக்கு உடம்பு தேறியது. வாராவாரம் டாக்டரம்மாவிடம் போய்வந்தார். நாலு மாதத்தில் ஒரு சொட்டு தொடவில்லை. பக்கத்தில் இருந்த முதியோர் விடுதியில் துணி மடிக்கும் வேலையும் கிடைத்தது.

கத்திரிக்காரி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பாள். "அன்னைக்கு வாய் தவறிச் சொன்னேன் அண்ணி" என்று ஒரு நாள் நாத்தனாரிடம் முனகினாள். நாத்தனார் அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவோடு போனாள். வீட்டில் நாற்காலிகளை எல்லாம் அவருக்குப் பிடித்த மாதிரியே போட்டுவிட்டு வந்திருந்தாள். பால்கனியில் அவர் பக்கவாட்டாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி வைத்தார்.

"நான் இனிமே சிரிக்க மாட்டேன். உனக்குப் பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். நாலு மாதமாக அந்த வார்த்தை வாய்க்குள் தயாராக இருந்தது. ஆனால் அவர் கேட்டபோது அந்தப் பிறந்தநாள் மண்டபமும், குலுங்கிய தோளும், வழியெல்லாம் விடாமல் பிடித்திருந்த கையும் குறுக்கே வந்து நின்றன. நின்றுவிட்டுத்தான் போயின.

"பரவாயில்லைங்க" என்றாள்.

"மூணு செகண்ட் ஆச்சு" என்றார் அவர்.

"அது... வந்து..."

"நீ எப்பவும் நான் முடிக்கிறதுக்கு முன்னாடியே பதில் சொல்லுவ." தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "தப்பு இல்ல. எனக்கும் அந்த ஆளைப் பிடிச்சிருந்துது. ஆனா அவன் நான் இல்ல."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் உள்ளே போய் நாலாக மடித்த ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்து, அவள் மடியில் மூலை திரும்பாமல் வைத்தார். "இப்போதைக்கு இங்கயே இருக்கேன். நீ ஞாயித்துக்கிழமை வா. ஆனா என்னைச் சிரிக்க வைக்கணும்னு வராத."

அதிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் போகிறாள். இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சொல்ல வாய் துறுதுறுக்கும். உதட்டைக் கடித்து அடக்கிக்கொள்வாள். எப்போதாவது அவரே, "ஏதாவது ஜோக் இருந்தா சொல்லு, கேட்கிறேன்" என்பார். சொல்வாள். அவர் கடைசி எழுத்து வரை கேட்பார். அவள், சொல்லி முடித்த பிறகும், அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். இன்னும் சரியாக வரவில்லை.